ஒரு ஆளை ஊருக்கு அனுப்ப 25 லட்சமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுல இருந்து நம்ம ஆளுங்களை கையிலயும் காலுலயும் விலங்கு போட்டு மிலிட்டரி விமானத்துல ஏத்தி அமிர்தசரஸ்ல கொண்டாந்து இறக்குனது பத்தி வாசகர்கள் எழுதுறதை எல்லாம் படிச்சிட்டுதான் இருக்கேன். சட்டத்தை மீறி போனா அப்படித்தான் அனுப்புவாங்கன்னு ஒருத்தர் எழுதுறார், நாட்டோட மானமே போச்சுன்னு இன்னொருத்தர் எழுதுறார். அந்த ஃப்ளைட்டுக்கு என்ன செலவாச்சு, அதே ஆளை அதே ஊருக்கு சாதாரண சீட்ல உட்கார வச்சு அனுப்பியிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்னு மட்டும் யாரும் கேக்கல. எனக்கு அதுதான் முதல்ல தோணுச்சு, ஏன்னா நானும் ஒரு காலத்துல கையில பேப்பர் இல்லாம வெளிநாட்டுல மாட்டி ஊர் திரும்பினவன்தான்.

முதல்ல கணக்கை சொல்லிடுறேன். 2025 பிப்ரவரி 5-ம் தேதி வந்த முதல் விமானத்துல 104 பேர். சி-17ன்னு சொல்ற பெரிய சரக்கு விமானம், டாங்கி, பீரங்கி எல்லாம் ஏத்திட்டு போறது. அது ஒரு மணி நேரம் பறந்தா 28,500 டாலர்னு கணக்கு, அன்னைக்கு ரேட்டுக்கு கிட்டத்தட்ட 25 லட்சம் ரூபாய். அமெரிக்காவுல இருந்து அமிர்தசரஸ் வரைக்கும் வந்து திரும்பவும் போகணும், நடுவுல எண்ணெய் போட இறங்கணும். இந்தியாவுக்கு வந்த மூணு விமானமும் ஒவ்வொண்ணும் 30 லட்சம் டாலர் ஆச்சுன்னு அமெரிக்க பத்திரிகையே எழுதுச்சு. 26 கோடி ரூபாய் ஐயா. 104 பேரால வகுத்துப் பாருங்க, தலைக்கு 25 லட்சம். அந்த பசங்க போறதுக்கு ஏஜெண்டுக்கு குடுத்தது 40 லட்சம், 50 லட்சம்னு பஞ்சாப், ஹரியானா பக்கம் சொல்றாங்க, நிலத்தை வித்து, அம்மா நகையை வித்து குடுத்த காசு. போறதுக்கு அவங்க அப்பா அழிஞ்சார்னா திருப்பி அனுப்ப அமெரிக்கால வரி கட்டுற ஜனங்க காசு அழியுது. ரெண்டுக்கும் நடுவுல அந்த பையன் 40 மணி நேரம் விலங்கோட உட்கார்ந்து வந்திருக்கான், பாத்ரூம் போகக்கூட கெஞ்ச வேண்டியிருந்துச்சுன்னு வந்தவங்க பேட்டி குடுத்தாங்க.

இப்ப சாதாரண விமானத்து கணக்கை பாருங்க. அமெரிக்கால இருந்து டெல்லிக்கு ஒரு வழி டிக்கெட் 70 ஆயிரம்னே வச்சுக்குங்க. ஒரு ஆளுக்கு துணையா ரெண்டு அதிகாரிங்களை அனுப்புறாங்கன்னே வைங்க, அவங்க ரெண்டு பேரும் திரும்பி போகவும் டிக்கெட் போடுங்க. மொத்தம் அஞ்சு டிக்கெட், மூன்றரை லட்சம். அவங்க தங்குற ரூம், படி எல்லாம் சேர்த்தாலும் 25 லட்சத்துக்கு பக்கத்துலகூட வராது. நான் பத்தாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவன், எனக்கு தெரியிற இந்த கணக்கு அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கு தெரியாம இருக்குமா? தெரியும். அவங்க நாட்டுலயே சார்ட்டர் ஃப்ளைட் வச்சு வாரம் தவறாம ஆளுங்களை அனுப்பிட்டுதான் இருந்தாங்க. 135 பேரை ஏத்துற சார்ட்டர் விமானத்துக்கு மணிக்கு 17,000 டாலர், அஞ்சு மணி நேர பயணத்துக்கு தலைக்கு 630 டாலர்தான் ஆகுதுன்னு ஆளுங்களை திருப்பி அனுப்புற ஐசிஇ (ICE) துறையோட பொறுப்பு தலைவரே 2023-ல அவங்க பார்லிமெண்ட் ஆளுங்க முன்னாடி சொல்லியிருக்கார். 55 ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியிற வேலை. ஆனா 2025 ஜனவரியில குவாத்தமாலாவுக்கு 64 பேரை மிலிட்டரி விமானத்துல அனுப்புனப்ப தலைக்கு 4,675 டாலர் ஆச்சு. அதே ரூட்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டே 853 டாலர்தான்னு ராய்ட்டர்ஸ் கணக்கு போட்டு காட்டுச்சு. ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டை விட அஞ்சு மடங்கு செலவு பண்ணி ஒரு மனுஷனை சங்கிலியில கட்டி கூட்டிட்டு போயிருக்காங்க. இதை படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

ஏன் அப்படி பண்ணுனாங்கன்னு கேட்டா பதில் அந்த வீடியோவுலயே இருக்கு. முதல் ஃப்ளைட் வந்ததுமே அமெரிக்க எல்லை போலீஸ் தலைவர் தன்னோட எக்ஸ் பக்கத்துல பாட்டு போட்டு ஒரு வீடியோ விட்டார், விலங்கோட வரிசையா விமானத்துல ஏறுறதை காட்டுற வீடியோ. அந்த 26 கோடி அந்த படத்துக்குத்தான் போச்சு ஐயா. ஆளை ஊருக்கு சேர்க்க அவ்வளவு ஆகாது. அதுக்கு அப்புறம் மார்ச் மாசமே செலவு கட்டுப்படியாகலைன்னு மிலிட்டரி விமானத்தை நிறுத்தி வச்சாங்கன்னு செய்தி வந்துச்சு. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போன மிலிட்டரி விமானங்க மெக்சிகோ மேல பறக்காம சுத்தி போக வேண்டியிருந்துச்சு, அதனாலயும் மணிக்கணக்கு கூடுச்சு. ஒரு மாசத்துல தெரிஞ்சுக்க முடிஞ்ச விஷயத்தை முன்னாடியே ஒரு பேப்பர்ல பேனா வச்சு கணக்கு போட்டு தெரிஞ்சிருக்கலாம்.

என் கதையை கொஞ்சம் சொல்றேன், பெருமைக்காக இல்ல, வித்தியாசம் புரியணும்னு. நான் சவுதியில தம்மாம் பக்கம் டைல்ஸ் வேலை பாத்தேன். கஃபீல், அதாவது அங்க நமக்கு பொறுப்பான முதலாளி, இக்காமாங்கிற தங்குற அனுமதி அட்டையை புதுப்பிக்கல, கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி கடைசியில என் மேலயே ஹுரூப் போட்டுட்டார், அதாவது நான் ஓடிப்போயிட்டேன்னு ரிப்போர்ட். அஞ்சு மாச சம்பளம் பாக்கி. 2013-ல சவுதிக்காரங்களுக்கு வேலை ஒதுக்குற நிதாகத்னு சட்டம் கடுமையானப்ப பேப்பர் இல்லாதவங்க அபராதம் கட்டாம ஊருக்கு போகலாம்னு டைம் குடுத்தாங்க, முதல்ல ஜூலை 3 வரைக்கும், அப்புறம் நவம்பர் 3 வரைக்கும். அந்த சமயத்துல ஒரு லட்சத்துக்கும் மேல இந்தியர்கள் திரும்பி வந்தோம். வெயில்ல எத்தனை நாள் வரிசையில நின்னோம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அவுட்பாஸ்க்கு ஒரு வரிசை, அது பாஸ்போர்ட்டுக்கு பதிலா ஊர் திரும்ப தூதரகம் தர்ற வெள்ளை பேப்பர், தர்ஹீல்ங்கிற திருப்பி அனுப்புற ஆபீஸ்ல விரல் ரேகை வைக்க ஒரு வரிசை, ராத்திரி பத்து மணிக்கே போய் அட்டையை விரிச்சு படுத்து காலையில டோக்கன் வாங்கணும். கஷ்டம்தான். ஆனா யாரும் என் கையில விலங்கு போடல.

தம்மாம்ல இருந்து கொழும்பு வழியா திருச்சிக்கு டிக்கெட் 950 ரியால், அன்னைக்கு பதினஞ்சாயிரம் ரூபாய் சொச்சம். ரூம்ல இருந்த பாய் ஒருத்தர் 300 போட்டார், கேரளாக்கார சேட்டன் ஒருத்தர் 200 போட்டார், மீதி நான் கையில வச்சிருந்தது. கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு வாரம் டைம் இருந்துச்சு ஐயா. அந்த ரெண்டு வாரம்தான் எனக்கு மானம். கம்பளியும் பிள்ளைங்களுக்கு வாங்குன பொம்மையும் கார்கோவுல போட்டேன், கேஸ் அடுப்பை ரூம் பசங்களுக்கு குடுத்தேன், தர வேண்டிய கடனை தந்தேன், எனக்கு வர வேண்டியதுல ஒருத்தர்கிட்ட பாதி வாங்கினேன், தாடி எடுத்து நல்ல சட்டை போட்டு வந்தேன். திருச்சியில இமிக்ரேஷன்ல வெள்ளை பேப்பர்காரங்களை தனியா நிறுத்துனாங்க, ஒரு அதிகாரி கேள்வி கேட்டார், எந்த கம்பெனி, எந்த ஏஜெண்டுன்னு, மரியாதையாத்தான் கேட்டார், போங்கண்ணேன்னு அனுப்புனார். வெளிய என் பொண்ணு நின்னா. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் அப்பா லீவுல வந்தார்னுதான் தெரியும், இந்த லெட்டரை படிச்சாத்தான் உண்மை தெரியும்.

அமிர்தசரஸ்ல இறங்குன அந்த 104 பேருக்கும் பிள்ளைங்க இருப்பாங்க. அந்த பிள்ளைங்க எல்லாரும் போன்ல பாத்துட்டாங்க. ரெண்டாவது விமானத்துல வந்த சீக்கியர்கள் தலைப்பாகையைக்கூட கழட்ட வச்சாங்கன்னு சீக்கிய குருத்வாரா கமிட்டி கண்டனம் சொல்லுச்சு. ஷூ லேஸைக்கூட உருவிட்டாங்களாம். இறங்குன அப்புறம் ஹரியானாக்காரங்களை கூட்டிட்டு போக கைதிங்களை ஏத்துற வண்டி வந்துச்சுன்னு பஞ்சாப் அமைச்சர் ஒருத்தர் குறை சொன்னார். அது நம்ம நாட்டு மண்ணு, நம்ம நாட்டு வண்டி. அமெரிக்காவை கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி நாம நல்ல பஸ் ஒண்ணும் ரெண்டு வேளை சாப்பாடும் ஏற்பாடு பண்ணியிருக்கணும், அதுக்கு 26 கோடி தேவையில்ல, சில ஆயிரம் போதும்.

மத்த நாடு என்ன பண்ணுச்சுன்னும் பாக்கணும். 2025 ஜனவரியில பிரேசில்காரங்க 88 பேரை ஏத்திட்டு வந்த அமெரிக்க சார்ட்டர் விமானம் நடுவுல மனவுஸ்ங்கிற ஊர்ல பழுதாகி இறங்குச்சு. விலங்கோட இறங்குன தன் ஜனங்களை பாத்ததும் பிரேசில் அரசாங்கம் உடனே விலங்கை கழட்ட சொல்லுச்சு, தன்னோட விமானப்படை விமானத்தை அனுப்பி அவங்களை மீதி தூரம் கூட்டிட்டு போச்சு. கொலம்பியா அதிபர் பெட்ரோ மிலிட்டரி விமானத்தை இறங்கவே விடமாட்டேன்னார், பெரிய வரி மிரட்டல் எல்லாம் வந்துச்சு, ஒரே நாள்ல சமாதானம் ஆகி ரெண்டு நாள்ல அவங்களே தன் விமானத்தை அனுப்பி 200 பேரை கூட்டிட்டு வந்தாங்க, விலங்கு இல்லாம. அந்த நாடுங்களோட மொத்த பொருளாதாரம் நம்மளை விட பெருசு கிடையாது. நம்ம வெளியுறவு அமைச்சர் ராஜ்யசபால என்ன சொன்னார்னா, இது புதுசு இல்ல, 2009-ல இருந்து 15,000 பேருக்கு மேல இப்படி திரும்பி வந்திருக்காங்க, விலங்கு போடுறது 2012-ல இருந்து அவங்க நடைமுறைன்னார். நடைமுறை அவங்களோடது, ஆளுங்க நம்ம ஆளுங்க. 15,000 பேர் வந்திருக்காங்கன்னா அதுல எந்த வருஷம் எத்தனை பேரை நாம விமானம் அனுப்பி கூட்டிட்டு வந்தோம்னு அந்த சபையில ஒருத்தராவது கேட்டிருக்கணும்.

சரி, விமானம் மட்டும்தான் செலவுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு ஆளை பிடிச்சு, அடைச்சு வச்சு, அனுப்ப சராசரியா 17,121 டாலர் ஆகுதுன்னு அமெரிக்க உள்நாட்டு பாதுகாப்பு துறையே 2025 மே மாசம் சொல்லுச்சு, கிட்டத்தட்ட 15 லட்சம் ரூபாய். இதுல பெரிய பங்கு உள்ள வச்சிருக்குற நாளுக்கு போகுது. ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 150 டாலருக்கு மேல. ஒருத்தர்கிட்ட பாஸ்போர்ட் இல்லன்னா, டங்கி ரூட்னு சொல்ற கள்ளப் பாதையில போறவங்க பாதி பேர் பாஸ்போர்ட்டை வழியிலயே தொலைச்சிருப்பாங்க இல்ல ஏஜெண்டே பிடுங்கியிருப்பான், அப்ப இவர் இந்தியர்தானான்னு நம்ம தூதரகம் உறுதி பண்ணி எமர்ஜென்சி சர்டிபிகேட் தரணும், அதுக்கு ஊர்ல போலீஸ் விசாரிக்கணும், அந்த ஃபைல் ஒரு மேஜையில 30 நாள் தூங்குனா அங்க 4,500 டாலர் பில் ஏறுது, இங்க ஒரு அம்மா 30 நாள் அழுவுறாங்க. சவுதியில எங்களுக்கு அந்த வெள்ளை பேப்பர் வேகமா கிடைச்சதாலதான் அத்தனை பேர் சில மாசத்துல ஊர் சேர முடிஞ்சுது. எங்க தமிழ் சங்கத்து ஆளுங்களும் மலையாளி சங்கத்து ஆளுங்களும் தூதரகத்து வாசல்ல உட்கார்ந்து ஃபாரம் எழுதி குடுத்தாங்க, சம்பளம் வாங்காம. அந்த மாதிரி நாலு பேர் போதும் ஐயா, லட்சக்கணக்குல டாலர் மிச்சமாகும்.

அதே மே மாசம் அமெரிக்காவே இன்னொரு அறிவிப்பு விட்டுச்சு, செல்போன் ஆப்ல பதிவு பண்ணி தானா ஊருக்கு போறவங்களுக்கு டிக்கெட்டும் குடுத்து கையில 1,000 டாலரும் தர்றோம்னு. அப்படி பண்ணுனாலும் 70 சதவீதம் செலவு மிச்சம்னு அவங்களே சொன்னாங்க. அப்ப வழி இருக்குன்னு தெரியுது, அந்த வழி மலிவுன்னும் தெரியுது. பிப்ரவரியில விலங்கு போட்டு கூட்டிட்டு வந்தவங்கள்ல எத்தனை பேர் டிக்கெட் குடுத்தா நானே போறேன்னு சொல்லியிருப்பாங்க? அவங்கள்ல நிறைய பேர் மெக்சிகோ எல்லையில பிடிபட்டு சில நாள், சில வாரம்தான் அங்க இருந்தவங்க. ஓடி ஒளிய வீடு இல்ல, வேலை இல்ல, சொந்தம் இல்ல. ஏற்கனவே உடைஞ்சு போய் உட்கார்ந்திருந்த பசங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2025 பிப்ரவரியில இந்தியர்கள், ஈரானியர்கள், சீனர்கள்னு பல நாட்டுக்காரங்க 299 பேரை பனாமாவுக்கு கொண்டு போய் விட்டாங்க, அவங்க சொந்த நாட்டுக்கு நேரா அனுப்ப சிரமமா இருக்குன்னு. பனாமா சிட்டியில ஒரு ஹோட்டல்ல போலீஸ் காவல்ல வச்சாங்க, ஜன்னல்ல காகிதம் ஒட்டி உதவி பண்ணுங்கன்னு எழுதி காட்டுன படம் உலகமே பாத்துச்சு. அதுல இருந்த நம்ம ஆளுங்க 12 பேர் கடைசியில எப்படி வந்தாங்க தெரியுமா? இஸ்தான்புல் வழியா சாதாரண பயணிகள் விமானத்துல டெல்லிக்கு வந்தாங்க. எந்த பிரச்சனையும் இல்லாம வந்து இறங்கி வீட்டுக்கு போனாங்க. முதல் நாளே அந்த டிக்கெட்டை போட்டிருந்தா பனாமாவுக்கு மிலிட்டரி விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

பணக்கார நாடு எல்லாம் இதே தப்பைத்தான் பண்ணுது. பிரிட்டன் ருவாண்டா கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். படகுல வந்து அடைக்கலம் கேக்குறவங்களை ஆப்பிரிக்காவுல ருவாண்டாவுக்கு அனுப்புவோம்னு 2022-ல ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் ஜூன் 14-ம் தேதி ராத்திரி விமானம் ரன்வேயில நிக்குது, முதல்ல 100 பேருக்கு மேல பட்டியல், கேஸ் போட போட குறைஞ்சு ஏழு பேர் ஆகி, கடைசியில ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு தலையிட்டதுல ஒருத்தரும் இல்லாம வெறும் விமானம் திரும்பி போச்சு. 2023 நவம்பர்ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே திட்டம் செல்லாதுன்னுச்சு. அப்பவும் விடாம புது சட்டம் போட்டாங்க. 2024 ஜூலையில புது அரசாங்கம் வந்து ரத்து பண்ணி கணக்கு பாத்தா 70 கோடி பவுண்ட் செலவு, நம்ம காசுல ஏழாயிரம் கோடிக்கு மேல. அதுல 29 கோடி பவுண்ட் ருவாண்டாவுக்கு நேரா குடுத்தது. போனது மொத்தம் நாலு பேர், அதுவும் தானா சம்மதிச்சு போனவங்க, அவங்களுக்கு ஆளுக்கு 3,000 பவுண்ட் கையில குடுத்து அனுப்புனது. ஏழாயிரம் கோடின்னா நம்ம ஊருல எத்தனை தாலுக்கா ஆஸ்பத்திரின்னு நினைச்சு பாக்கவே மனசு வலிக்குது.

ஆனா எனக்கு நெஞ்சை விட்டு போகாதது ஆஸ்திரேலியா பிலோயிலா குடும்பம்தான். ஈழத் தமிழ் குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பேரும் தனித்தனியா படகுல போனவங்க, அங்க கல்யாணம் பண்ணி ரெண்டு பெண் குழந்தைங்க, ரெண்டும் அந்த மண்ணுலயே பிறந்ததுங்க. குயின்ஸ்லாந்துல பிலோயிலாங்கிற சின்ன ஊரு, அப்பா அங்க இறைச்சி ஆலையில வேலை. ஆள் கிடைக்காத ஊர்ல உழைச்சு சாப்பிட்ட குடும்பம். 2018 மார்ச்ல விசா முடிஞ்ச மறுநாள் விடியக்காலையில கதவை தட்டி அள்ளிட்டு போனாங்க, ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் தாண்டி மெல்போர்ன்ல அடைச்சாங்க. 2019 ஆகஸ்ட் 29 ராத்திரி அந்த நாலு பேருக்காக ஒரு தனி விமானம் பிடிச்சு இலங்கைக்கு கிளப்பிட்டாங்க. விமானம் மேல பறந்துட்டு இருக்குறப்பவே ஒரு நீதிபதி போன்லயே தடை உத்தரவு போட்டார், விமானம் டார்வின்ல நடுராத்திரி இறங்குச்சு. அப்படியாவது வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். கிறிஸ்துமஸ் தீவுக்கு கொண்டு போனாங்க, கடலுக்கு நடுவுல, ஆஸ்திரேலியாவை விட இந்தோனேசியாவுக்கு பக்கத்துல இருக்குற தீவு. அவ்வளவு பெரிய முகாம்ல அப்ப இவங்க நாலு பேர்தான், ரெண்டு குழந்தைங்களுக்கு காவலுக்கு ஆளுங்க, ஸ்கூல் போகவும் காவலோட போகணும். 2021 ஜூன்ல சின்ன பொண்ணுக்கு ரத்தத்துல கிருமி ஏறி உயிருக்கு ஆபத்தாகி பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்துல தூக்கிட்டு போனாங்க, நாலாவது பிறந்தநாளை அந்த குழந்தை ஆஸ்பத்திரி படுக்கையில கொண்டாடுச்சு. இந்த ஒரு குடும்பத்தை பிடிச்சு வைக்க மட்டும் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல செலவுன்னு வெளிய வந்துச்சு.

அந்த ஊர் வெள்ளைக்கார ஜனங்க, மாட்டுப்பண்ணை வச்சிருக்குறவங்க, ஸ்கூல் டீச்சருங்க, விடாம நாலு வருஷம் போராடுனாங்க, எங்க ஊர் குடும்பத்தை திருப்பி குடுங்கன்னு. 2022-ல ஆட்சி மாறி ஜூன்ல அந்த குடும்பம் பிலோயிலாவுக்கே திரும்பி போச்சு, ஆகஸ்ட்ல நிரந்தர விசாவும் குடுத்துட்டாங்க. நாலு வருஷம், தனி விமானம், தீவு, ஆஸ்பத்திரி, வக்கீல், 60 லட்சம் டாலர், எல்லாம் முடிஞ்சு ஆரம்பிச்ச அதே ஊர்ல வந்து நின்னாங்க. அந்த குழந்தைங்க இழந்த நாலு வருஷத்துக்கு எந்த கணக்குலயும் இடம் கிடையாது. நம்ம தமிழ் பத்திரிகைங்க அப்ப இதை இன்னும் நிறைய எழுதியிருக்கணும்ங்கிறது என் வருத்தம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

விலங்கால வர்ற ஆபத்தையும் மறந்துடக்கூடாது. 2010-ல லண்டன் ஹீத்ரோவுல அங்கோலாக்காரர் ஒருத்தரை சாதாரண பயணிகள் விமானத்துல ஏத்தி அனுப்புறப்ப மூணு காவலர்கள் அவரை சீட்ல அமுக்கி பிடிச்சதுல மூச்சு விட முடியலைன்னு கத்தி கத்தி விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே அவர் செத்து போனார். பக்கத்துல பயணிங்க உட்கார்ந்திருந்தாங்க. 2013-ல விசாரணை ஜூரி அது சட்டவிரோத கொலைன்னு சொல்லுச்சு, ஆனா அடுத்த வருஷம் கோர்ட்டுல அந்த காவலர்கள் விடுதலை ஆனாங்க. அதனால சாதாரண ஃப்ளைட்ல ஏத்துனா போதும், எல்லாம் சரியாகிடும்னு நான் சொல்லல. ஏத்துறதுக்கு முன்னாடி அந்த மனுஷனுக்கு என்ன நடக்க போகுதுன்னு அவன் மொழியில சொல்லணும், வீட்டுக்கு ஒரு போன் பேச விடணும், துணி எடுக்க நேரம் குடுக்கணும், வர வேண்டிய சம்பளத்தை வாங்க வழி பண்ணணும். எங்களுக்கு கிடைச்ச அந்த ரெண்டு வாரம். அது கிடைச்சவன் யாரும் விமானத்துல கலாட்டா பண்ண மாட்டான், நான் வந்த ஃப்ளைட்ல பாதி பேர் அவுட்பாஸ்காரங்கதான், எல்லாரும் பெல்ட்டை போட்டு தூங்கிட்டுதான் வந்தோம்.

நாட்டுக்கு எல்லை இருக்கு, சட்டம் இருக்கு, உள்ள இருக்க அனுமதி இல்லாதவனை போக சொல்ற உரிமை அந்த நாட்டுக்கு இருக்கு, நான் அதை மறுக்கல. என்னையும் போக சொன்னாங்க, நான் வந்தேன். ஆனா சவுதியிலயும் ஒரு அநியாயம் இருந்துச்சு, இக்காமா புதுப்பிக்காதது கஃபீல், அதுக்கு டிக்கெட் காசு குடுத்தது நான். எந்த நாடா இருந்தாலும் போக சொல்றவன்தான் சாதாரண டிக்கெட் செலவை ஏத்துக்கணும், ஆளை கூப்பிட்டு வச்சு ஏமாத்துன முதலாளிகிட்ட இருந்து அதை அந்த அரசாங்கம் வசூல் பண்ணிக்கட்டும். நம்ம தூதரகத்துல 2009-ல இருந்து இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு, கஷ்டத்துல மாட்டுனவங்களுக்கு டிக்கெட் போட அதுல வழி இருக்கு. அது நாம பாஸ்போர்ட்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் கட்டுற கட்டணத்தோட கூட ஒரு சின்ன தொகை வாங்கி சேர்க்குற காசுதான், நம்ம காசு. எங்க ரூம்ல இருந்த பதினாலு பேர்ல ஒருத்தருக்கும் அப்ப அது இருக்குறதே தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் பாய்கிட்ட 300 ரியால் வாங்கியிருக்க மாட்டேன். இப்பவும் வளைகுடாவுல பொதுமன்னிப்பு அறிவிக்கிறப்ப எல்லாம் நம்ம புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கத்து பசங்க டிக்கெட் காசுக்கு வட்டிக்கு வாங்குறாங்க. அவங்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

உங்ககிட்ட ரெண்டு உதவி கேக்குறேன் ஐயா. அமெரிக்காவுல இருந்து திரும்பி வர்ற ஒவ்வொரு விமானத்துக்கும் தலைக்கு என்ன செலவு, எத்தனை நாள் உள்ள வச்சிருந்தாங்க, நம்ம தூதரகம் பேப்பர் குடுக்க எத்தனை நாள் ஆச்சுன்னு நம்ம எம்.பி.க்கள் பார்லிமெண்ட்ல கேள்வியா கேக்க உங்க பேப்பர் எழுதணும். அடுத்தது, அந்த சமூக நல நிதியில டிக்கெட் வாங்க யாரை பாக்கணும், என்ன எழுதி குடுக்கணும்னு ஒரு பெட்டி செய்தியா போடுங்க. உங்க பேப்பரை தம்மாம், ரியாத், குவைத் ரூம்கள்ல போன்ல படிக்கிறவங்க நிறைய, நானே அப்படி படிச்சவன்தான். பெட்டி சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புற மாதிரி இருந்தா போதும்.

இப்படிக்கு,
சவுதியில இருந்து அவுட்பாஸ்ல திரும்பிய வாசகர்,
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்